தனியாகப் போகிறவருக்கு டென்ட்: 500 கிராமா, 850 கிராமா?

தூரநடை கேட்கிறார்:

வணக்கம். தனியாக மலையேறப் போகிறவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். நான் மூன்று நான்கு இரவு சேர்ந்தாற்போல் வெளியே தங்குவேன். அடையாளம் போட்ட பாதையை விட்டு விலகித்தான் பெரும்பாலும் நடை. சில இரவு மரங்களுக்கு நடுவே, சில இரவு மரமே இல்லாத மேட்டில். மழை உண்டு, பூச்சியும் உண்டு.

இப்போது இருப்பது இரண்டு பேர் படுக்கிற டென்ட். அலுமினியக் கம்பிகளோடு சேர்த்து 2.2 கிலோ. என் மூட்டையில் அதுதான் பெரிய பாரம். ஒரு கிலோவுக்குக் கீழே வர வேண்டும். ட்ரெக்கிங் கோல் இரண்டு எப்போதும் கையில் இருக்கும், அதையே கம்பாக நட்டுக்கொள்ளலாம்.

மூன்று வழி யோசித்து வைத்திருக்கிறேன். முதலாவது, ஒரு தார்ப்பாய், கூடவே பிவி உறை (ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் போட்டுக்கொள்கிற மெல்லிய காப்புறை), எல்லாம் சேர்த்து 450 கிராம். இரண்டாவது, டைனீமா துணியில் தைத்த ஒற்றைச் சுவர் டென்ட் (ஒரே அடுக்குத் துணி), 500 கிராம். மூன்றாவது, சில்பாலி துணியில் இரட்டைச் சுவர் (வெளித்துணிக்குள் தனியாக ஓர் உள்வலை), 850 கிராம். மனது இரண்டாவதின் பக்கம் போகிறது. 350 கிராம் சும்மா விடுகிற எடை இல்லையே. ஆனால் ஒற்றைச் சுவர் உள்ளே வியர்க்கும், அதாவது சுவரில் ஈரம் படியும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அது அவ்வளவு பெரிய தொல்லையா?

உயரம் 183 செ.மீ. மெத்தை ஊதினால் 8 செ.மீ. தடிமன். ஸ்லீப்பிங் பேக் இறகு அடைத்தது.

சிறுமூட்டை எழுதுகிறார்:

டைனீமாவை வாங்குங்கள். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். மழையில் தொய்யாது, தண்ணீர் குடிக்காது, காலையில் நான்கு உதறு உதறினால் பாதி காய்ந்துவிடும். உள்ளே ஈரம் படியத்தான் செய்யும். கைக்குட்டை அளவில் ஒரு துணி வைத்துத் துடைத்துவிடுவேன். நான் 165 செ.மீ. என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேட்டுநிலம் எழுதுகிறார்:

சிறுமூட்டை கடைசியில் சொன்ன வரிதான் இங்கே முக்கியம். 165 செ.மீ. ஆளுக்குச் சரியாக இருக்கிற டென்ட் 183 செ.மீ. ஆளுக்குச் சரியாக இருக்காது. அதுவும் 8 செ.மீ. மெத்தை மேல் படுத்தால் நிச்சயம் இருக்காது. தூரநடை, உங்கள் பட்டியலில் நான் கைவைப்பது மூன்றாவதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிராம் கணக்கு மட்டும் பார்த்து இதை முடிவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

டென்ட் எதற்கு? உங்கள் ஸ்லீப்பிங் பேக் நனையாமல் இருக்க. இறகு நனைந்தால் உப்பி நிற்காது, உப்பி நிற்காவிட்டால் சூடு தங்காது. நல்ல துணியைக் கிழித்துக்கொண்டு மழை உள்ளே வருவது அபூர்வம். பேக் நனைவதற்கு வழக்கமான காரணம் வேறு: ஈரம் படிந்த சுவரில் கால்மாட்டையோ தலைமாட்டையோ இரவு முழுக்க உரசிக்கொண்டு படுப்பது. காலையில் எழுந்து பார்த்தால் கால் பக்கம் பேக் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். முதல் இரவு அதைத் தாங்கிவிடலாம். மூடுபனியில் காயவைக்க வழியில்லாமல் மூன்றாம் இரவும் அதே பேக்கில் படுத்தால் நடுங்கத்தான் வேண்டும்.

அதனால் முதலில் நீளத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் போடுவது தரையோடு அளந்த நீளம். நீங்கள் தரையில் படுக்கப் போவதில்லை, 8 செ.மீ. மேலே படுக்கப் போகிறீர்கள். மல்லாந்து படுத்தால் கால்விரல் நுனி, பேக்கின் உப்பலோடு சேர்த்து, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். சுவர் 45 பாகை சாய்ந்திருந்தால் 30 செ.மீ. உயரத்தில் ஒவ்வொரு முனையிலும் 30 செ.மீ. போய்விடும். தரையில் 260 இருக்கிற டென்ட் நீங்கள் படுக்கிற உயரத்தில் வெறும் 200. உங்கள் 183-உடன் பேக்கின் தடிமன், தலைக்கு மேல் தொப்பிப் பகுதி எல்லாம் சேர்த்தால் அந்த 200-ம் போதாது. சுவர் 60 பாகை நிமிர்ந்து நின்றால் இழப்பு முனைக்கு 17 செ.மீ. மட்டும். ஒரே 260, ஆனால் உள்ளே 226 கிடைக்கும். சாய்வு அவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது. ஆனால் விளம்பரங்களில் அது தனியாகப் போட்டிருக்காது. முனைச் சுவரைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைத் தேடி நீங்களேதான் அளந்துகொள்ள வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மெத்தையை ஊதி, பேக்குக்குள் நுழைந்து, எப்போதும்போல் தலையணை வைத்துப் படுங்கள். வேறு ஒருவரை அளவு நாடாவோடு நிற்க வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: கால்விரல் உச்சி தரையிலிருந்து எவ்வளவு, முகம் எவ்வளவு, பேக்கின் முழு நீளம் எவ்வளவு. அப்புறம் மெத்தைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து உச்சந்தலை வரை அளக்கச் சொல்லுங்கள். இந்த நான்கு எண்ணும் கையில் இருந்தால் பாதி டென்ட்கள் தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

இனி வியர்ப்பது. மூச்சிலும் தோலிலும் ஓர் ஆள் ஓர் இரவில் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிறார். அது ஒரு பங்குதான். வானம் தெளிவாக இருக்கும் இரவில் துணி தன் சூட்டை மேலே வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். புல்லில் பனி இறங்குவதுபோல அதிலும் இறங்கும். உள்ளே ஆளே இல்லாவிட்டாலும் நனையும். அதனால்தான் 'காற்றோட்டம் வைத்தால் போதும்' என்பது பாதி உண்மை. இரவு முழுக்க மழை என்றால் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும். கதவைத் திறந்து வைத்தாலும் பெரிதாகக் காயாது.

எங்கே நடுகிறீர்கள் என்பதில்தான் நிறைய இருக்கிறது. மரக்கிளைக்குக் கீழே நட்டால் துணிக்கும் வானத்துக்கும் நடுவே மறைப்பு இருக்கும், அவ்வளவாகக் குளிராது. (காய்ந்த மரம், ஒடிந்து தொங்கும் கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான்.) ஓடைக்கரையையும் பள்ளத்தாக்கின் அடியையும் விட்டு சற்று மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும். குளிர்ந்த காற்று இரவில் கீழே இறங்கித் தேங்குகிற இடம் அது. மரமே இல்லாத மேட்டில் இந்த வசதி கிடையாது. நீங்கள் அங்கேயும் தங்குவேன் என்கிறீர்கள். அதனால்தான் இரட்டைச் சுவர். வெளித்துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் உங்கள் பேக் உரசுவது உள்வலையைத்தான். காற்றடித்து வெளித்துணி உதறும்போது தெறிக்கிற துளியின் வேகத்தையும் அந்த வலையே தடுத்துவிடும். ஒற்றைச் சுவரில் அது நேராக முகத்தில் விழும்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில்நைலான், அதாவது சிலிக்கான் பூசிய நைலான், உறுதி, ஆனால் தண்ணீர் குடித்து நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நள்ளிரவில் தொய்ந்து நிற்கும், எழுந்துபோய் இழுத்துக் கட்ட வேண்டும். சில்பாலி, அதாவது சிலிக்கான் பூசிய பாலியஸ்டர், அவ்வளவாகத் தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். அதே எடையில் கிழிபடாத உறுதி நைலானுக்குத்தான் அதிகம். டைனீமா பந்தயப் படகுகளின் பாய்க்காக உருவான ரகம். மெல்லிய இரண்டு பாலியஸ்டர் படலங்களுக்கு நடுவே இழைகளை வைத்து ஒட்டியது. நீளவே நீளாது. அது நல்லதும்தான், கெட்டதும்தான். முளையை ஒரு சாண் தள்ளி அடித்துவிட்டால் சில்பாலி விட்டுக்கொடுக்கும், டைனீமா சுருக்கம் போட்டுக்கொண்டு நிற்கும். காற்று அறைகிற அறை முழுவதும் நேராக முளைக்கே போகும். உரசலும் குத்தலும் அதற்கு ஆகாது. ஓட்டை விழுந்தால் அதற்கான ஒட்டுநாடாவை ஒட்டினால் போதும் என்பது பெரிய நிம்மதி. மூட்டையில் மட்டும் எடைக்குப் பொருந்தாத அளவு இடத்தை அடைக்கும்.

உங்கள் 350 கிராமுக்கு வருகிறேன். 500 என்பது எதையெல்லாம் சேர்த்த 500? முளை, கயிறு, உறை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துணியை மட்டும் நிறுத்துப் போடுவது வழக்கம். நல்ல அலுமினிய முளை ஒன்று 13, 14 கிராம். ஒற்றைச் சுவர் டென்ட்களில் பலவற்றுக்கு ஆறிலிருந்து எட்டு முளை வேண்டும். செவ்வகத் தரையும் மூலைவிட்டமாக இரண்டு கோலும் கொண்ட இரட்டைச் சுவர் டென்ட், டர்ஸ்டன் எக்ஸ்-மிட் மாதிரி, அமைதியான இரவில் நான்கு முளையிலேயே நின்றுவிடும். இதையெல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் வித்தியாசம் 300 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும். எப்படிப் பார்த்தாலும் 2.2 கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு அருகில் வந்துவிடுகிறீர்கள். பெரிய இறக்கம் அங்கேயே நடந்துவிடுகிறது. மிச்ச 300 கிராமை டென்ட்டில்தான் குறைக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

ஓலைப்பாய் எழுதுகிறார்:

தார்ப்பாயைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வியர்க்கிற தொல்லை குறைவாக இருப்பது அதில்தான், ஏனென்றால் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். மழை வலுத்தால் தாழ்த்திக் கட்டலாம், நின்றுவிட்டால் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுக்கலாம். காற்று எந்தப் பக்கம், நிலம் எந்தச் சாய்வு என்று பார்த்து ஒவ்வொரு இரவும் வேறு உருவத்தில் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்தக் கூரையும் இப்படி வளையாது.

எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி 1955-இல், தம் 67-ஆவது வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். முதுகில் டென்ட் கிடையாது. குளியலறைத் திரைச்சீலை ஒன்றைத்தான் மழைக்கு வைத்திருந்தார். இன்று அவர் பெயரில் ஒரு மழையங்கி இருக்கிறது. அதையே கோல் நட்டு விரித்தால் ஒருவர் படுக்கிற கூரையாகிவிடும், எடை 300 கிராம் அளவுதான்.

மேட்டுநிலம் எழுதுகிறார்:

ஓலைப்பாய், கேட்வுட் அம்மையாரை நினைத்தால் எனக்கும் பிரமிப்புத்தான். ஆனால் அவர் நடந்தது பெரும்பகுதி மரங்களுக்கு நடுவே. வழியில் நடப்பவர்கள் தங்கும் கொட்டகைகள் இருந்தன, வழியிலிருந்த வீடுகளிலும் இடம் கொடுத்தார்கள். தூரநடை போகிற மேட்டில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். அங்கே தார்ப்பாய்க்காரர் தரையோடு தரையாகக் கட்டிக்கொண்டு முழங்கைக்கு இடமில்லாமல் படுத்திருப்பார். பூச்சிக் காலத்தில் தனியாக வலை வேறு வேண்டும். அதையும் தரைவிரிப்பையும் சேர்த்தால் 450 என்பது 600-ஐத் தொடும்.

காட்டுக்குள்ளேயே இருக்கிறவருக்கு, தினமும் முடிச்சுப் போட்டுப் பழகியவருக்கு, தார்ப்பாயைவிட நல்லது இல்லை என்று நானும் சொல்வேன். முடிச்சு இரண்டு தெரிந்தால் போதும்: ஒரு பக்கம் கட்டி நிறுத்த ஒன்று, இன்னொரு பக்கம் இழுத்து விறைப்பாக்க ஒன்று. அவற்றை இருட்டில், கை விறைத்துப்போன நிலையில் போடத் தெரிய வேண்டும்.

தூரநடை எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அளந்தோம். கால்விரல் உச்சி 32 செ.மீ., முகம் 35, பேக் முழு நீளம் 205, உட்கார்ந்தால் 101. நான் குறித்து வைத்திருந்த டைனீமா டென்ட்டின் தரை நீளம் 229, முனைச் சுவர் ஏறக்குறைய 45 பாகை. கணக்குப் போட்டால் என் உயரத்தில் 162 மிஞ்சுகிறது. பேக் 205. அது சரிவராது என்று புரிந்துவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். மழை கொட்டும்போது நட்டால் உள்வலை நனையாதா? ட்ரெக்கிங் கோல் நட்ட டென்ட் மேட்டுக் காற்றைத் தாங்குமா? ஒரு முளை பிடுங்கிக்கொண்டால் முழுதும் சரிந்துவிடும் என்று படித்தேன்.

மேட்டுநிலம் எழுதுகிறார்:

அளந்தது மிகவும் நல்லது. உங்கள் எண்ணை வைத்தே பார்ப்போம். 60 பாகைச் சுவர் என்றால் கால் பக்கம் 18, தலைப் பக்கம் 20, பேக் 205, இரு முனையிலும் ஐந்து ஐந்து செ.மீ. இடைவெளி. மொத்தம் 253. 45 பாகை என்றால் 282. வெளித்துணியின் தரை நீளம் அதற்குக் குறைவாக இருந்தால் பார்க்கவே வேண்டாம். உட்காரும் உயரம் 101 என்றால் உச்சி 115-க்குக் குறையாமல் இருக்கட்டும். அந்த உச்சி நீங்கள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே வருகிறதா என்பதையும் பாருங்கள். கால்மாட்டுக்கு மேலே உச்சி இருந்து என்ன பயன்?

மழையில் நடுவதைப் பற்றி: வெளித்துணியை முதலில் நட்டு, அதற்குள்ளேயே உள்வலையை மாட்டுகிற அமைப்பா என்று பார்த்து வாங்குங்கள். அப்படிப்பட்டதில் இரண்டையும் மாட்டியபடியே சுருட்டி வைக்கலாம், நடும்போது உள்வலை துணிக்கு அடியிலேயே இருக்கும். உள்வலையை முதலில் நிறுத்தி மேலே துணி போர்த்துகிற பழைய அமைப்பில் அந்த இரண்டு நிமிடத்தில் தரையில் தண்ணீர் தேங்கிவிடும். மேட்டுக்குப் போகிறவருக்கு அது ஒத்துவராது. காலையில் கிளம்பும்போது வெளித்துணி நனைந்திருந்தால் உள்வலையைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள். மதியம் நிற்கிற இடத்தில் வெளித்துணியைப் பாறைமேல் விரித்துப் போட்டால் சாப்பிட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

காற்று: நீங்கள் படித்தது உண்மை. கோல் டென்ட்டை நிறுத்துவது முளையும் கயிறும்தான். முக்கியமான முளை போனால் கூரை விழும். அதனால் எடை குறைக்கிறேன் என்று முளையில் கைவைக்காதீர்கள். கம்பியை வளைத்த மாதிரி 6 கிராமுக்கு டைட்டானியம் முளை வருகிறது. கெட்டியான மண்ணில் நன்றாகப் பிடிக்கும், இளகிய மண்ணில் ஒரு இரவு அசைந்தால் கழன்றுவிடும். மூன்று இதழாக மடிந்த அலுமினிய முளை, 19 செ.மீ. நீளம், அதுதான் மூலைகளுக்கு. தலையை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சற்றே சாய்த்து முழுவதும் உள்ளே இறங்க அடியுங்கள். காற்றடிக்கும் பக்கத்து முளைகள்மேல் ஒரு கனத்த கல்லை ஏற்றிவிடுங்கள்.

பாறையாக இருந்து முளையே இறங்கவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். கயிற்றின் நுனியைக் கை அளவு சிறு கல்லில் கட்டுங்கள். அந்தக் கல்லுக்கும் டென்ட்டுக்கும் நடுவே, கயிற்றின்மேல், தூக்க முடிந்த அளவு பெரிய கல்லை வையுங்கள். காற்று இழுத்தால் சிறிய கல் பெரிய கல்லில் போய் முட்டி நிற்கும். பல இடங்களில் இது முளையைவிட உறுதி. இதற்காகவே மூலைக் கயிறுகளை ஒன்றரை மீட்டராவது விட்டு வைக்க வேண்டும். வாங்கும்போது வருகிற கயிறு அதற்குப் போதாது.

டென்ட்டின் ஒடுங்கிய முனையைக் காற்றுக்கு நேராகத் திருப்புங்கள், கதவு மறுபக்கம் இருக்கட்டும். துணியின் கீழ் விளிம்பைத் தரையோடு இறக்கிக் கட்டினால் காற்று அடியில் புகாது. அப்போது வியர்ப்பது கொஞ்சம் கூடும், மேல் சாளரத்தை மூடாமல் வையுங்கள். இரட்டைச் சுவர் இருப்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சிறுமூட்டை எழுதுகிறார்:

நீளக் கணக்கை இப்படி நான் யோசித்ததே இல்லை, எனக்கு இடம் தாராளமாக இருப்பதால். ஒன்று மட்டும் கேட்கிறேன்: சில்பாலி என்றால் தையல்களுக்குப் பசை பூச வேண்டுமே, அதையும் சொல்லிவிடுங்கள்.

மேட்டுநிலம் எழுதுகிறார்:

இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிய துணியில் ஒட்டுநாடா ஒட்டாது. அதற்குச் சிலிக்கான் பசைதான், அதுவும் உங்கள் கையால்தான். ஒரு பக்கம் பாலியூரிதேன் பூசியிருந்தால் தொழிற்சாலையிலேயே நாடா ஒட்டி அனுப்புவார்கள், வேலை மிச்சம். ஆனால் அந்தப் பூச்சை ஈரத்தோடு மாதக்கணக்கில் சுருட்டி வைத்தால் பிசுபிசுத்து நாற்றமடித்து உரிய ஆரம்பிக்கும். எது வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் காயவைத்து, உறையில் திணிக்காமல் தளர்வாக மடித்து வையுங்கள். பசை பூச வேண்டிய ரகம் என்றால் டென்ட்டை நட்டு, துணி விறைப்பாக நிற்கும்போது தையல்மேல் தூரிகையால் மெல்லப் பூசி, ஒரு நாள் அப்படியே காயவிட வேண்டும்.

தூரநடை எழுதுகிறார்:

முடிவு செய்துவிட்டேன், சில்பாலி இரட்டைச் சுவர்தான். வெளித்துணி முதலில் நிற்கிற அமைப்பு, முனைச் சுவர் நிமிர்ந்தது, தரை நீளம் 253-க்குக் குறையாதது. தரைவிரிப்பு தனியாக வேண்டுமா?

மேட்டுநிலம் எழுதுகிறார்:

கூர்க்கல்லும் முள்ளும் இருக்கிற இடம் என்றால் மட்டும். சன்னல் குளிருக்கு ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை உள்தரையைவிடச் சற்றே சிறிதாக வெட்டினால் 45 கிராம் அளவில் முடிந்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து உங்களுக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும், அதனால் விளிம்பைக் கவனித்து வெட்டுங்கள். முளை எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நடுவதை மழை பெய்கிற ஒரு மாலையில் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கோலை எந்த உயரத்தில் நிறுத்தினால் துணி விறைக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கோலின்மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.